அதிகம் விற்றதும் நின்று நிலைத்ததும்: அட்டாரி விளையாட்டுகள் குறித்து ஒரு கடைக்காரனின் திறனாய்வு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல நிகண்டு, பழைய உரை என்று ஏதாவது கொண்டு வருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை நான் எடுத்துக்கொண்டது வீடியோ கேம். அன்பர்கள் சிரிக்கலாம், முதலில் நானும் சிரித்தவன்தான்.

என் மருமகப்பிள்ளை அமெரிக்காவில் வேலை முடிந்து திரும்பியபோது, அங்கே பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கிய அட்டாரி 2600 பெட்டி ஒன்றையும் ஆறு கேசட்டுகளையும் கொண்டு வந்தார். ஏதேதோ வயர் மாற்றி டிவியில் இணைத்தும் கொடுத்தார். பேரனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன். அவற்றின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்தப் பெட்டிக்கு வந்த விளையாட்டுகளிலேயே மிக அதிகம் விற்றது பேக்-மேன். 70 லட்சம் கேசட்டுக்கு மேல். ஆனால் பேரன் அதைப் பத்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டான். அப்படியானால் 'அதிகம் விற்றது' என்ற பட்டம் உண்மையில் எதைச் சொல்கிறது? நாற்பது வருஷமாய் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்கிறவனுக்கு இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். 1977-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு திரையில் இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்தார்கள். 1980-இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனியிடம் உரிமை வாங்கி, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை இந்தப் பெட்டிக்குக் கொண்டு வந்தார்கள். அதற்காகவே பெட்டி வாங்கினவர்கள் ஏராளம். அதுவும் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது. பேரன் இன்றைக்கும் விடாமல் ஆடுகிறான். ஆகவே அதிகம் விற்றதெல்லாம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரி அப்படிச் சொன்னால் வாய் வெந்துபோகும்.

பேக்-மேன் கதை வேறு. 1980-இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனிக்காக தோரு இவாதானி உருவாக்கியது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில் அது உலகப் புகழ் பெற்றது. நான்கு பேய்கள், நான்கு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். 1982-இல் இதை அட்டாரிக்காக டாட் ஃப்ரை என்பவர் 4 கிலோபைட் கேசட்டுக்குள் அடைத்தார். நான்கு பேய்களுக்கும் ஒரே உருவத்தைப் பங்கு வைத்து, முறை போட்டு மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருந்தது. "பேய் எல்லாம் ஏன் தாத்தா மினுக்கு மினுக்குங்குது?" என்று பேரன் கேட்டானே, காரணம் அதுதான். புள்ளிகள் கோடுகளாகிவிட்டன. இடம் வலமாய் இருந்த வழிகள் மேலும் கீழுமாய்ப் போயின. சத்தமோ காதைக் குடைகிறது.

பெட்டியின் குறைதானே என்று ஒருவர் வாதாடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மிஸ் பேக்-மேன் கேசட்டைப் போடும்வரை. 1983-இல் அதே பெட்டிக்கு வந்தது. கேசட் மட்டும் 8 கிலோபைட். பேய்கள் நிறத்தோடு தெரிகின்றன, மினுக்கல் குறைவு, ஓட்டம் சுகம். பெட்டியின் மேல் பழி போட முடியாது. ஆனால் இந்த நல்ல சரக்கு விற்பனையில் முன்னதன் அருகில்கூட வரவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1982-இல் பெட்டி வாங்கினவர்களுக்குப் பேக்-மேன் கேசட்டைக் கூடவே வைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கொசுறாய்க் கொடுத்ததையும் ரசித்து வாங்கினதாய்க் கணக்கில் எழுதலாமா?

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். அதிகம் பேர் வாங்கினார்கள் என்பது அந்தப் பத்து அழகில் இல்லை. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் முதலாவதாக அவர் வைத்தது செய்தவர் பெயர். அட்டாரி செய்த பிழை இங்கேதான் தொடங்குகிறது. அதன் கேசட்டுகளில் செய்தவர் பெயரே கிடையாது. வாரன் ராபினெட் என்பவர் பொறுக்க மாட்டாமல், தம் அட்வென்ச்சர் விளையாட்டுக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை வைத்தார். அதை எடுத்துப் போனால் திறக்கிற ரகசிய அறைக்குள் தம் பெயரை எழுதி வைத்தார். வேறு நால்வர் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் கம்பெனி தொடங்கக் காரணமானார்கள். அங்கே செய்தவர் பெயரும் படமும் விளக்கப் புத்தகத்திலேயே அச்சாயின.

அந்த நால்வரில் ஒருவரான டேவிட் க்ரேன் 1982-இல் செய்ததுதான் பிட்ஃபால். காட்டுக்குள் ஓடுகிற ஒரு மனிதன், கொடியில் தொங்கித் தாண்ட வேண்டிய பள்ளம், முதலைக் குளம், இருபது நிமிஷ அவகாசம், எடுக்க வேண்டிய 32 புதையல். இதுவும் 4 கிலோபைட்தான். அதற்குள் 255 திரைகள்! ஒவ்வொன்றாய் வரைந்து வைக்க இடம் போதாது. ஆகவே ஒரு கணக்கு வாய்பாட்டைக் கொண்டு ஒரு திரையிலிருந்து அடுத்த திரை தானே பிறக்கும்படி செய்தார். பழைய புகழ் எதையும் கடன் வாங்காமல் 40 லட்சம் விற்றது. அதே பெட்டி, அதே அளவு கேசட், அதே ஆண்டு. கைவேலை என்றால் இது.

அட்டாரியோ விற்ற எண்ணிக்கையைத் தீர்ப்பு என்று நம்பியது. பெயர் இருந்தால் போதும், சரக்கு எப்படியும் போகும் என்று கணக்குப் போட்டது. ஈ.டி. திரைப்படத்தின் உரிமையைக் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பிடிக்க வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்கு ஐந்தே வாரம் கொடுத்தது. அதில் ஈ.டி. குழியில் விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. குற்றம் செய்தவர் மேல் இல்லை; அவசரப்படுத்தினவர் மேல். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 1982 டிசம்பரில் தாய்க் கம்பெனியான வார்னரின் பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1983-இல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டே நியூ மெக்சிகோவில் ஆலமகோர்டோ ஊர்க் குப்பை மேட்டில் கேசட்டுகளைக் கொட்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது ஈ.டி.யோடு பேக்-மேனும் வெளியே வந்தது. இத்தனைக்கும் அதிகம் விற்றவற்றின் பட்டியலில் ஈ.டி.யும் மேல் வரிசையில் இருக்கிறது. மண்ணுக்குள் போன சரக்கை அந்தப் பட்டியல் காட்டுவதில்லை.

இதை அடுத்தவர் கதையாய்ச் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு, மலிவாய்க் கிடைத்த டிபன் கேரியர் முப்பது டஜன் எடுத்தேன். பளபளப்பு நன்றாயிருந்தது, என் கடைப் பெயரும் இருந்தது, நாலே நாளில் தீர்ந்தது. வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். பொங்கலுக்குள் துருப்பிடித்துவிட்டது. திருப்பிக் கொண்டு வந்தவர்களுக்குப் பணம் கொடுத்தேன். அவர்கள் என் வாடிக்கையாகவே இருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம். அந்தத் தீபாவளியின் பில் புத்தகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அதுதான் என் கடையின் அதிக விற்பனை.

விற்ற எண்ணிக்கை, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஜனங்கள் வைத்த நம்பிக்கையின் அளவு. திறந்த பின்னால் என்ன ஆயிற்று என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வதுதான் திறனாய்வாளன் வேலை. விளையாட்டுக்கும் அப்படித்தான், சினிமாவுக்கும் அப்படித்தான், நம் மலருக்கும் அப்படித்தான்.

பேக்-மேன் கேசட் இப்போது அலமாரியில் இருக்கிறது. பிட்ஃபால் பெட்டியிலேயே சொருகியிருக்கிறது. 32 புதையலில் நானும் பேரனும் இதுவரை எடுத்தது ஒன்பது.