தமிழ் அச்செழுத்து வடிவங்கள்: ஓர் ஒப்பீடு

தமிழ் அச்செழுத்துகள் 1577 முதல் பலமுறை புதிதாக வார்க்கப்பட்டன. கோவா, கொல்லம், ஹாலே, தரங்கம்பாடி, சென்னை ஆகிய இடங்களின் எழுத்துகள் பொதுவாக அளவு, அழகு ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடப்படுகின்றன. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்தறிய அவ்வடிவம் எவ்வளவு உதவுகிறது என்பது இவ்விரண்டையும்விட முதன்மையான அளவுகோல்.

கோவா, கொல்லம்

அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்ட இந்நூலின் இறுதிப் பக்கத்தில் 1577-ல் கோவாவில் செய்யப்பட்ட எழுத்துகளும் 1578-ல் கொல்லத்தில் செய்யப்பட்ட எழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. கொல்லத்து எழுத்துகள் கோவா எழுத்துகளைவிடத் திருத்தமானவை. ஆனால் இரண்டும் ஓலைச்சுவடியின் வழக்கத்தையே பின்பற்றின. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகே உள்ள பாலசமுத்திரத்தின் பெயரை அம்முறையில் அச்சிட்டால் 'பரலசமுததிரம' என்று அமையும். ஊரை அறிந்தவர் சரியாக வாசிப்பார். அறியாதவர் ஊகிக்க வேண்டும். எழுத்தின் வார்ப்பு திருந்தியதால் மட்டும் இக்குறை நீங்கவில்லை.

ஹாலே முதல் சென்னை வரை

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியவை. தாள் அதிகம் செலவானது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1714-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி 1715-ல் நிறைவுற்றது. எழுத்தின் அளவை இங்கு முடிவு செய்தது அழகுணர்ச்சி அல்ல, தாளின் தட்டுப்பாடு.

வீரமாமுனிவர் ஏகார, ஓகாரங்களை வேறுபடுத்திய சீர்திருத்தம் பின்னர் அச்சில் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் புள்ளியும் தனித்த துணைக்காலும் நிலைபெற்றன. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹன்ட் உருவாக்கிய சிறிய எழுத்துகள் 1862-ல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி போன்ற பெருநூல்களுக்கு உதவின. எழுத்து சிறியதாகியும் தெளிவு குறையாததே அவற்றின் சிறப்பு.

1978-க்குப் பின்

ஈ.வெ. ராமசாமி 1935-ல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் மாறின. பாலசமுத்திரம் என்னும் சொல் அப்படியே இருந்தது. 'பழனிமலை' என்பதில் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய லை மறைந்தது.

யூனிகோடு முறையில் பழைய லை, புதிய லை இரண்டுக்கும் குறியீடு ஒன்றே. எவ்வடிவம் தோன்றும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' ஏறத்தாழ ஒரே தடிமன் கொண்டது. 'நோட்டோ செரிஃப் தமிழ்' தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த பழைய அச்சு மரபை நினைவூட்டுவது. இரண்டும் புதிய வடிவங்களையே காட்டுகின்றன.

மதிப்பீடு

இம்மாற்றங்களால் வாசிப்பு எளிதானது. அச்சுக்கோப்பவரின் சுமையும் குறைந்தது. ஆனால் பழைய நூல் புதிய எழுத்துருவில் மறுபதிப்பாகும்போது இழப்பு இருவகைப்படும். துதிக்கை லை போனால் மாறுவது தோற்றம் மட்டுமே, சொல் மாறுவதில்லை. புள்ளியும் காலும் பிரியாத நூலை எழுத்துப்பெயர்க்கும்போது பதிப்பாசிரியர் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிவை எடுக்கிறார். அச்சான பின் அது முடிவு என்பதே வாசகருக்குத் தெரிவதில்லை. எனவே அத்தகைய மறுபதிப்புகளில் மூலப்பக்கத்தின் படமும் உடன் இருப்பது ஆய்வுக்கு இன்றியமையாதது.