குறியெதிர்ப்பையும் விதைத்தினையும்: பழம்பாட்டில் மனைச்செலவு

புறநானூற்றில் காணப்படும் மனைகளைப் பற்றி எழுந்த கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு நெறிகளுள் ஒன்றன்கண் செல்வனவாக உள்ளன. விருந்தோம்பலை வியந்து புகழ்வன ஒருசாரன. வறுமையை எடுத்துக்காட்டி இரங்குவன மற்றொருசாரன. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், இவ்விரண்டற்கும் இடையே பாட்டுக்களில் நின்று பேசும் ஒன்று போதிய அளவு நோக்கப்பெறவில்லை என்பது எம் கருத்து. வீட்டில் உள்ளது இத்துணை, உண்பார் இத்துணையர், அடுத்த விளைவு வருங்காறும் உள்ள நாள் இத்துணை என்று எண்ணிப் பார்த்து உலைக்கு அரிசி அளக்கும் அறிவே அது. இதனை மனைக்கணக்கு என ஈண்டு வழங்குவோம். இதனை உளங்கொள்ளாது படித்தமையால், பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிக் கூறிய 163 ஆம் புறப்பாட்டு, கணக்குப் பாராத வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே வகுப்பறைகளில் நின்றுவிட்டது. அப்பாட்டினுள் ஒரு கணக்கு உண்டு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன், அக்காலத்து மனைகள் எவ்வாறு செலவிட்டன என்பதைப் பிற பாட்டுக்களின் வாயிலாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகின்றாள். விடியலில் தயிர் கடைந்து, வெண்ணெய் எடுத்து, மோர்ப்பானையைத் தலைமேற் சுமந்து சென்று விற்கின்றாள். மோருக்கு மாறாகக் கிடைக்கும் உணவுப்பொருளால் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யை விற்ற விலைக்கோ அவள் பொன் கொள்வதில்லை. எருமையும் நல்ல ஆவும் கன்றும் பெறுகின்றாள். புலவர் இதனை மூன்றடிகளில் சொல்லிவிட்டுப் பாணனை மேலே நடத்திச் செல்கின்றார். நாம் அவ்வளவு விரைந்து செல்லுதல் ஆகாது. ஒரே பாலிலிருந்து வரும் இரண்டு வருவாய்களை அவள் இரண்டு பைகளில் இடுகின்றாள். நாள்தோறும் புளித்துப்போகும் மோர் நாள்தோறும் வேண்டும் சோற்றுக்கு. கெடாது நிற்கும் நெய் கன்றீன்று பெருகும் முதலுக்கு. பொன்னை ஏன் மறுத்தாள்? பொன் பால் சுரவாது, கன்று போடாது. அணிகலன் விருப்பு மகளிர் இயல்பு என்று எழுதுவோர் இவ்வாய்மகளை ஒருமுறை காண்பது நன்று.

செலவு முதலைத் தின்னலாகாது என்னும் இவ்வுணர்வையே வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறளில் கொண்டான் வளத்திற்குத் தக்கவளாதல் என்று குறிக்கின்றார். ஆண்டுப் பரிமேலழகர், முதலின் அளவை அறிந்து அதற்குப் பொருந்தச் செலவிடுதல் என்று விளக்கி, வாழ்க்கைக்கு வேண்டும் பொருள்களை அறிந்து கடைப்பிடித்தலையும் அட்டில் தொழிலில் வல்லளாதலையும் மனைவியின் நற்செய்கைகளோடு சேர்த்து எண்ணுகின்றார். வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதாயின் கேடில்லை என்ற குறளோ பொருட்பாலில், வலியறிதலில், அரசனுக்கு உரியதாக நிற்கின்றது. அரசனுக்குக் கூறிய அளவும் மனையாளுக்குக் கூறிய அளவும் ஒன்றே என்பது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்க்கு விளங்கும்.

இனி, கையிருப்புத் தீர்ந்த மனையை நோக்குவோம். புறநானூற்றின் 333 ஆம் பாட்டு அத்தகைய மனை ஒன்றைக் காட்டுகின்றது. வரகும் தினையும் ஆகிய உள்ளவை அனைத்தையும் வந்த இரவலர் உண்டும் கொண்டும் தீர்த்துவிட்டனர். அயலாரிடம் அளந்து வாங்கிப் பின்னர் அவ்வளவே திருப்பித் தரும் கடனும் அன்று கிடைக்கவில்லை. அப்பொழுதுதான் மனையாள், விதைக்கென்று கதிரிலே உலரவிட்டிருந்த தினையை உரலில் இடுகின்றாள். இங்குச் செலவின் வரிசை ஒன்று அமைந்திருப்பதைக் காண்க. முதலில் இருப்பு, அது தீர்ந்தபின் அளவுக்கடன், அதுவும் வாயாதபோதே விதை. விதையைக் குற்றுதல் அடுத்த ஆண்டின் சோற்றை இன்றே உண்பதாகும். அதனை அறியாதவளாக அவளைப் புலவர் படைக்கவில்லை. கடன் பெறாமையின் இட்டாள் என்று காரணம் கூறியதனால், கடன் கிடைத்திருப்பின் விதையைத் தொட்டிராள் என்பது போதரும். அவளது கொடையின் பெருமை இவ்வரிசையை அறிந்தே அதன் இறுதிப்படிக்கு இறங்கியதில் உள்ளது.

இப்பாட்டிற்குப் பழையவுரை இல்லை. புறநானூற்றுப் பழையவுரை 266 ஆம் பாட்டோடு நின்றுவிடுகின்றது. 1894 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பு வெளிவந்த நாள் தொட்டு, உரையுள்ள பாட்டுக்களே மிகுதியாகப் பயிலப்பெற்றன. பிற்பகுதியில் நிற்கும் இச்சிற்றூர் மனைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவற்றுள்ளும் 327 ஆம் பாட்டு, மூதின்முல்லை என்னும் துறைப்பெயரால், மறக்குடியின் வீரம் ஒன்றையே நோக்கிப் படிக்கப்பெற்றது. அதன் உள்ளீடோ ஒரு குடும்பத்தின் ஆண்டுக்கணக்கு. விளைந்த வரகு எருது விட்டு மிதிப்பதற்கும் போதாத சிறிய அளவினது. இளைஞர் காலால் மிதித்து எடுக்கின்றனர். அந்தப் புல்லிய குவியலில் வளைத்துக்கொண்ட கடன்காரர்க்குக் கொடுத்தது போக எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டு செல்கின்றனர். சுற்றத்தின் பசியைப் போக்க அவன் தன் ஊரிலுள்ள சிறிய மனிதரிடம் முகமன் கூறி வரகு கடன் கேட்கின்றான். அரசனே படையொடு வரினும் தடுத்து நிற்கவல்லவன் அவன் என்று பாட்டு முடிகின்றது. விளைவு, பழங்கடன், விருந்து, பற்றாக்குறை, புதுக்கடன் என்று ஐந்து இனங்களும் முறையே வந்துவிட்டன. எட்டே அடிக்கு மேல் செல்லாத அளவில் இதனினும் செறிவாக ஒரு வரவுசெலவை எழுதுதல் அரிது. வேந்தனுக்கு அஞ்சாதவன் வரகுக்காகச் சிறியோர் முன் இன்சொல் கூறி நிற்பதை இழிவாகப் புலவர் கருதவில்லை என்பதும் நோக்கற்பாலது.

இச்செலவு வரிசை சங்ககாலத்தோடு அற்றுப்போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இளையான்குடி மாறனார் வரலாற்றில் அதே படிகள் அதே முறையில் வருகின்றன. செல்வம் சுருங்கிய மனை. மழை பெய்யும் இரவு. பசியோடு ஓர் அடியார் வருகின்றார். வீட்டில் ஒன்றும் இல்லை, அயலார் இனித் தரமாட்டார், பகலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டு வந்தால் வல்லவாறு அமுது ஆக்கலாம் என்று மனைவியார் கூறுகின்றார். இருப்பு, கடன், விதை! நிலத்தில் விதைத்த விதையையே மீட்டெடுக்குமாறு கூறும் அளவிற்குச் சேக்கிழார் அவ்வரிசையை மேலும் ஒருபடி இறக்கிவிடுகின்றார். விறகுக்குக் கூரையின் வரிச்சு வருகின்றது. கறிக்கு முற்றாத குறும்பயிர் வருகின்றது. ஈர நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கிய அம்மையார், அவ்வொரு கீரையைக் கொண்டே தம் கைத்திறத்தால் வேறுவேறு கறிகள் சமைக்கின்றார். பத்தியின் உருக்கத்தில் தோய்ந்தோர் இவ்விடத்தைக் கடந்து சென்றுவிடுவர். ஒரு பொருளைப் பல கறியாக்கி இலையை நிரப்புதல் இல்லாமையில் பழகிய கைக்கே வரும். சேக்கிழார் அடுப்பங்கரையை அறிந்து பாடியவர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மேற்கூறியவற்றை உட்கொண்டு 163 ஆம் பாட்டிற்கு வருவோம். குமணனைப் பாடிப் பெற்ற வளத்தோடு மீண்ட பெருஞ்சித்திரனார், அதனை யார் யார்க்குக் கொடுக்கவேண்டும் என்று மனைவிக்குக் கூறுகின்றார். அவர் கூறும் முறை இது. நின்னை விரும்பி உறைவோர். நீ விரும்பி உறைவோர். கற்பிற் சிறந்த நின் சுற்றத்து மூத்த மகளிர். நம் சுற்றத்தின் கடும்பசி தீர நெடுநாள் குறியெதிர்ப்பை தந்தோர். இந்நால்வகையினரை எண்ணிய பின்னரே, இன்னார் என்று பாராது, என்னோடும் கலந்தெண்ணாது, வல்லாங்கு வாழ்வோம் என்றும் கருதாது, எல்லார்க்கும் கொடு என்கின்றார்.

குறியெதிர்ப்பை என்னும் சொல்லை இங்கு நிறுத்தி நோக்குதல் வேண்டும். அளவு குறித்து வாங்கி, வாங்கியவாறே எதிர்கொடுப்பது அது என்று திருக்குறள் ஈகை அதிகாரத்தின் முதற்குறளுரையால் அறிகின்றோம். வட்டி இல்லை, ஆவணம் இல்லை, ஒரு நாழி வாங்கினால் ஒரு நாழி. நகரத்து அடுக்ககங்களிலும் ஒரு படி அரிசியைக் கைமாற்றாக வாங்கும் வழக்கம் இன்றும் முற்றும் மறைந்துவிடவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் வருமுன் எத்தனையோ சமையலறைகள் அக்கைமாற்றால் நடக்கின்றன. பெருஞ்சித்திரனார் அக்கடனை நின் குறியெதிர்ப்பை என்று மனைவியின் பெயரில் வைத்துப் பேசுவது சிறப்பாகக் கருதத்தக்கது. 327 ஆம் பாட்டில் களத்து வரகைக் கடனாகக் கேட்டவன் ஆண்மகன். இங்கே அடுப்புக்கு வேண்டியதை அளந்து வாங்கியவள் மனையாள். யாரிடம் எத்துணை வாங்கினோம் என்பதும் அவள் நெஞ்சில்தான் இருக்கின்றது. கணவன் பெயர் சொல்லிப் பட்டியல் கூறாமைக்கும் அதுவே காரணமாகலாம். அவனுக்குத் தெரியாது!

அவள் எவ்வளவு நாள் அவ்வாறு வாங்கி நடத்தினாள் என்பதற்கு அதே புலவரின் வேறு இரு பாட்டுக்கள் சான்று. 159 ஆம் பாட்டில், குப்பைக்கீரையின் முன்பே கொய்த கணுவில் மீண்டும் துளிர்த்த இளந்தளிரைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வெறுநீரில் வேகவைத்து உண்கின்றாள். கொய்த இடத்திலேயே மறுபடியும் கொய்கின்றாள் என்ற அக்குறிப்பொன்று பல நாளைய பசியைக் கூறிவிடுகின்றது. 160 ஆம் பாட்டில், புதல்வன் வீட்டிலுள்ள கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்து, எதிலும் சோறின்மையால் அழுகின்றான். அவள் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் ஆற்றுகின்றாள். இம்மூன்று பாட்டையும் ஒருங்கு வைத்துப் படித்தால், குறியெதிர்ப்பை தந்தோரைப் புலவர் மறவாது எண்ணியதன் பொருள் தெளிவாகும். அவர்க்குத் தருவது கொடை அன்று, திருப்பித் தருதல். வள்ளுவரோ வறியார்க்கு ஈவதொன்றே ஈகை என்றும், ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் இரண்டையும் பிரித்துவைத்தார். பெருஞ்சித்திரனாரின் பாட்டு பின்னதைத் தீர்த்துவிட்டு முன்னதற்குள் நுழைகின்றது. கடன் அடைந்த பின்னரே எல்லார்க்கும் என்ற சொல் பிறக்கின்றது.

அங்ஙனமாயின், வல்லாங்கு வாழ்தலை அவர் விலக்கியது மனைக்கணக்கையே விலக்கியதாகாதா என்று வினவலாம். பொருளைப் போற்றி வைத்து வாழும் திறத்தையே வல்லாங்கு என்னும் சொல் உணர்த்துகின்றது. அச்சொல் அவள் வாயில் வழக்கமாக வரும் சொல்லாக இருந்தாலன்றி, அவ்வாறு எண்ணாதே என்று கூறவேண்டிய தேவை அவர்க்கு இல்லை. என்னோடு கலந்தெண்ணாதே என்பதும் அத்தகையதே. எந்நாளும் கலந்தெண்ணுபவளிடமே அது கூறப்படும். சேக்கிழாரின் அம்மையார் வல்லவாறு என்று கூறியதும் இவ்வல்லாங்கும் ஒரே வேரின. இரண்டும் உள்ளதை வைத்து ஒப்பேற்றும் ஆற்றலைக் குறிப்பன. மேலும், குமணன் தந்த வளம் மோர்விலையும் அன்று, நெய்விலையும் அன்று. அது நாடோறும் வருவதோ விளைவதோ இல்லாத ஒருநாட் பேறு. அப்பேற்றின்மேல் நாள்கணக்கைச் சுமத்த வேண்டாம் என்பதே புலவர் கூற்றாக எமக்குப் படுகின்றது. அவளைக் கணக்கறியாதவளாகக் கொண்டு இப்பாட்டைப் பாராட்டுவோர், அவள் விட்டுக்கொடுத்தது இன்னதென்றே அறியாமற் பாராட்டுகின்றனர்.

மனைக்கணக்கில் பற்று வைக்கப்படும் இனம் ஒன்று இன்னும் உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் நகத்தால் கிள்ளிய வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கின்றாள். அங்கே பற்றாக்குறை அனைவர்க்கும் பொதுவாகப் பங்கிடப்படுகின்றது. போதனார் பாடிய நற்றிணை 110 இலோ அவ்வாறில்லை. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திய செவிலியர் பின்னே ஓடிவரவும் உண்ண மறுத்த சிறுமி, மணந்த பின் கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கின்றாள். நம் திறனாய்வாளர் அவ்வியப்பை அப்படியே ஏற்றுக் கற்பு என்ற ஒரு சொல்லால் முடித்துவிட்டனர். பாட்டு அறிவு என்றன்றோ கூறுகின்றது? வருவாய் குறைந்தது, உண்பார் குறையவில்லை, கணவன் குடியிடமும் கேட்பதற்கில்லை, தந்தையிடமும் கேட்பதற்கு மனமில்லை. குறைப்பதற்கு அவள் கையில் இருந்தது தன் ஒருவேளைச் சோறு மட்டுமே. அதனைக் குறைத்துக் கணக்கை நேர்செய்தாள். அவ்வீட்டில் பிறர் எவரேனும் ஒருபொழுது விட்டு உண்டனரா என்பது பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.