முடிவைச் சொல்லாமல் ஒரு மர்ம நாவலைப் பகிர்வது எப்படி?

மர்ம நாவல் ஒன்றை முடித்ததும் வெளிநாட்டு நண்பரிடம் சொல்லத் துடிக்கிறீர்கள். ஆனால் முடிவைச் சொல்லிட்டா அவருக்குப் படிக்க என்ன மிச்சம்?

ஜப்பானில் 2005இல் நூலாக வந்த கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். யாசுகோவும் அவள் மகளும் யாசுகோவின் முன்னாள் கணவனைக் கொல்வது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் புதிர். அதை மட்டும் மூடி வையுங்கள். மற்றதைத் தாராளமாகப் பேசலாம்.

பேச நிறைய இருக்கு. 2012இல் கொரியாவிலும் 2017இல் சீனாவிலும் படமான கதை இது. இஷிகாமி செய்வது அன்பா, குற்றமா? எந்த நாட்டு வாசகரிடமும் இதைக் கேட்டுப் பாருங்க.

எனக்கு ஒரு குறை உண்டு. இஷிகாமியின் மனம் நமக்கு நன்றாகப் புரிகிறது. யாசுகோ பெரும்பாலும் அவர் அன்புக்குக் காரணமாக மட்டுமே நிற்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் அதிகம் கேட்பதில்லை.

மாணவர்களே, கவனித்தீர்களா? முடிவைத் தொடாமலே ஒரு பாராட்டும் ஒரு குறையும் சொல்லியாச்சு. கதைச்சுருக்கம் மூன்று வரி போதும். மீதி உங்கள் கருத்தும் அதற்கான சான்றும். திறனாய்வு அங்கேதான் தொடங்குது.