துரத்தலும் துணையும்: சிவகாசி காமிக்ஸ் வளர்த்த ரசனை

தப்பி ஓடும் குற்றவாளி, அவனைத் தேடிப் போகும் இருவர், அந்த இருவருக்கும் நடுவே வெளியே சொல்லாத அன்பு. இந்தக் கதை தமிழில் இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று பாக்கெட் நாவல். சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா என்று அந்த ஜோடிகளை நாடறியும். மற்றொன்று சிவகாசியில் அச்சான காமிக்ஸ். இதைச் சிறுபிள்ளைகளின் படிப்பு என்று ஒதுக்கியே நம் விமரிசகர்கள் காலம் கழித்துவிட்டார்கள். என் எண்ணத்தில், துரத்தல் கதைக்கு உயர்ந்த அளவுகோலைத் தமிழ் வாசகனுக்குத் தந்தது இந்த இரண்டாவது வழிதான்.

சிவகாசிக்கு காமிக்ஸ் வந்ததன் பின்னணி தீப்பெட்டியில் தொடங்குகிறது. மழை பொய்த்த கரிசல் பூமியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடித்த கைகள் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அடித்தன. அந்த அச்சு மரபின் மீதுதான் 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பில் இருந்து தமிழ் நடைக்கு உருக் கொடுத்தார். 1984 ஜூலையில் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் வந்தது. அதன் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’.

இவை பல நாட்டுக் கதைகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு போக்கு உண்டு. பிரிட்டிஷ் இதழ்களிலிருந்து வந்த லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ–ஸ்டெல்லா போன்றவர்கள் வேகத்துக்குப் பேர் போனவர்கள். ஓட்டம், வெடி, தப்பித்தல், மறுபடி ஓட்டம். மனத்துக்கு அங்கே அதிக வேலை இல்லை. அமெரிக்க நாளிதழ்த் தொடர்களின் கணக்கு வேறு. 1946இல் அலெக்ஸ் ரேமண்ட் படைத்த துப்பறிவாளர் ரிப் கிர்பி அமெரிக்காவில் தினம் மூன்று நான்கு கட்டங்களாக வெளியானவர். நாளைக்கும் வாசகன் பேப்பர் வாங்க வேண்டுமென்பதால், அன்றைய கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு முகம் திரும்பும். சிவகாசியில் அதைப் புத்தகமாகச் சேர்த்துப் படித்தபோது, மூன்று கட்டத்துக்கு ஒருமுறை நெஞ்சு திடுக்கிடும் தாளம் தானாக அமைந்தது. கிர்பியின் உதவியாளர் டெஸ்மண்ட் ஒரு பழைய திருடர். திருந்தியவனை நம்பித் துணைக்கு வைத்துக்கொள்வது என்ற அழகான எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது.

அந்த எண்ணம் முழுதாக விளைந்தது மாடஸ்டி பிளைசியில். பீட்டர் ஓ’டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963இல் லண்டன் நாளிதழில் தொடங்கிய தொடர் இது. மாடஸ்டியும் வில்லி கார்வினும் முன்பு குற்றவுலகில் இருந்தவர்கள். பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறைக்காகக் குற்றவாளிகளைத் தேடிப் போகிறார்கள். திட்டம் அவளுடையது, எறியும் கத்தி அவனுடையது. அவள் பிடிபட்டால் அவன் பதற மாட்டான். அவள் எந்நேரம் என்ன செய்வாள் என்று கணித்து, சரியாக அந்த நேரத்துக்குச் சுவரின் மறுபக்கம் வந்து நிற்பான். இருவரும் கடைசிவரை காதலர் ஆவதில்லை. ஆனாலும் அந்தக் கதைகளில் உள்ள நெருக்கத்தைக் கட்டித் தழுவும் காட்சிகள் நூறு சேர்ந்தாலும் தர முடியாது. ஒரு பெண் முன்னே நடக்க, ஆண் மனம் கோணாமல் பின்னே வரும் காட்சியை 1984இல் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டது பெரிய காரியம்.

இத்தாலிய மரபுக்கு டெக்ஸ் வில்லர் ஒருவர் போதும். போனெல்லியும் கல்லெப்பினியும் 1948இல் படைத்த இந்த டெக்ஸாஸ் ரேஞ்சர், நண்பர் கிட் கார்சனுடன் தப்பியோடியவர்களை விரட்டிப் பாலைவனம் பாலைவனமாக அலைகிறார். வழி நெடுகச் சாப்பாட்டைப் பற்றியும் வயதைப் பற்றியும் இருவருக்கும் வாய்ச்சண்டை. அதன் அடியில் பெரிய துயரம் ஒன்று உண்டு. டெக்ஸின் மனைவி லிலித் நவஹோ குலத்துப் பெண். வியாபாரிகள் கொடுத்த, அம்மை தொற்றிய போர்வைகளால் இறந்தவள். டெக்ஸ் மறுமணம் செய்யவில்லை. காதலியைக் காட்டாமலே காதலைக் கதை முழுக்க வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரெஞ்சு–பெல்ஜியப் போக்கு இன்னும் துணிச்சலானது. கேப்டன் டைகர் ராணுவ அதிகாரி. ஒரு கட்டத்தில் ஜனாதிபதியைக் கொல்ல முயன்றதாகப் பழி சுமந்து, விரட்டியவரே விரட்டப்படுபவர் ஆகிறார். ‘இரத்தப் படலம்’ நாயகனுக்குத் தன் பெயரே நினைவில்லை. அவனை நம்பிக் கூட நிற்பவள் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண் அதிகாரி. இதே மரபில் வந்த ரிப்போர்ட்டர் ஜானியின் காதலி நாடினோ கடத்தப்படவும் காத்திருக்கவுமே பிறந்தவள்போல் இருப்பது எனக்கு என்றும் குறைதான்.

பாக்கெட் நாவலையும் இதே தராசில் நிறுக்கலாம். களத்தில் சமமாக ஓடும் வைஜயந்தியும் பரத்தை வாய்மூட வைக்கும் சுசீலாவும் தேறிவிடுகிறார்கள். தேறாதது குற்றவாளி. கடைசி அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகிறான். ஓடும்போது அவன் பசி, அவன் பயம், அவனுக்குச் சோறு போட்ட வீடு எதுவும் நமக்குத் தெரிவதில்லை. ஓடுபவனின் மூச்சு கேட்காவிட்டால் துரத்துபவர்களின் அன்புக்கும் சோதனை இல்லை.

இவ்வளவு வளமான மரபை அச்சடித்த ஊரில், அந்த ஊர்க் கதை இன்னும் வரையப்படவில்லை. வெம்பக்கோட்டை, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை உராய்ந்து வெடித்தால், மறுநாள் செய்தியில் இரண்டு வரி தவறாது: போர்மேன் கைது, தலைமறைவானவரைத் தேடித் தனிப்படை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாளை விருதுநகர் மாவட்டம் மறக்காது. நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையின் லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலரின் (டி.ஆர்.ஓ.) லைசென்ஸ், உள்குத்தகை என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும் தொழிலில் உண்மையில் ஓடுவது யார், பிடிபடுவது யார்? அந்தத் தனிப்படையில் ஒரு பெண் எஸ்.ஐ.யும் அவருடன் பணியாற்றும் ஏட்டும் இருக்கட்டும். இறந்தவர்களில் ஒருவர் அவர்களில் ஒருவருக்கு உறவாகட்டும். தேரிக்காட்டிலும் தென்காசிச் சாலையிலும் தேடல் நடக்கட்டும்.

கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி காலண்டர்களில் தமிழகம் முழுதும் போயின. அந்தத் தூரிகை மரபும் காமிக்ஸும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் ஒன்றையொன்று பெரிதாகச் சந்திக்கவில்லை. இந்த மலரைப் புரட்டும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான்: மாடஸ்டியையும் டெக்ஸையும் கருத்தாகப் படியுங்கள். பிறகு உங்கள் ஊர்த் தனிப்படையின் கதையை எழுதி, வரைந்து, சிவகாசிப் பதிப்பகங்களின் கதவைத் தட்டுங்கள்.