'சோலைமலை இளவரசி': வரலாற்றுக் காதலும் வர்க்க நோக்கும்

கல்கியின் வரலாற்றுப் புனைகதைகளை ஆராய்ந்தோர் 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய பெருநாவல்களிலேயே பெரிதும் கவனஞ் செலுத்தியுள்ளனர். 1947இல் வெளிவந்த 'சோலைமலை இளவரசி' என்னும் சிறு நாவலோ, நிகழ்கால மனிதன் கடந்த காலத்துட் புகுந்து காதலிக்கும் கதையமைப்பினால் தனித்து நோக்கற்பாலது.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ஈடுபட்ட குமாரலிங்கம் சோலைமலைப் பாழ்கோட்டையில் ஒளிந்திருக்கிறான். கிராமத்துப் பெண்ணான பொன்னம்மாள் உணவளித்து அவனைக் காக்கிறாள். அங்கு அவன், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன் ஆங்கிலேயரை எதிர்த்த மாறனேந்தல் உலகநாதத் தேவனாகத் தன்னை உணர்கிறான். பொன்னம்மாள் இளவரசி மாணிக்கவல்லியாகத் தோன்றுகிறாள்.

இவ்விணைப்பின் முற்போக்கான கூறினை நாம் மறுத்தலாகாது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். 1942இல் திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்தனர். விடுதலைப் போராட்டம் படித்தோரின் மாநாடுகளில் தோன்றியதன்று, அதற்கு முந்திய எதிர்ப்பு மரபொன்று உண்டு என்பதை இந்நாவல் சாதாரண வாசகனுக்கும் உணர்த்துகிறது.

எனினும், அம்மரபு அரண்மனையின் மரபாகவே காட்டப்படுகின்றது. பாளையங்கள் ஒடுக்கப்பட்டபின், 1802இன் நிரந்தர வரித்திட்டம் ஜமீன்தாரி முறையை உறுதிப்படுத்தியது. அதன் சுமையை உழவர் தாங்கினர். அம்முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல், அதாவது நாவல் வெளிவந்த மறு ஆண்டிலேயே, சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. நிலப்பிரச்சினை அத்துணை கூர்மையடைந்திருந்த வேளையில், கல்கியின் கற்பனை கோட்டைக்குள்ளேயே உலவுகின்றது.

மார்க் ட்வெயின் 1889இல் எழுதிய நாவலில், ஆர்தர் மன்னனின் அவைக்குச் செல்லும் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளன் தன் காலத்தின் அறிவுடன் நிலமானிய அடிமைத்தனத்தை எதிர்க்கிறான். குமாரலிங்கமோ கடந்த காலத்தை விசாரிப்பதில்லை, அதில் இளவரசனாகிவிடுகிறான். பொன்னம்மாளின் நிலை இதனினும் கவலைக்குரியது. போராளியைக் காத்த அவளது துணிவே அவளுக்குப் போதிய பெருமையாகும். ஆயினும் முற்பிறவி இளவரசியின் சாயல் ஏற்றப்பட்ட பின்னரே அவள் காவியக் காதலுக்குரியவளாகிறாள்.

போடியாரையும் முல்லைக்காரரையும் அறிந்த அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை வாசகருக்கு இவ்விடைவெளி எளிதிற் புலப்படும். வயலின் வரலாற்றைப் போடியாரின் வீட்டு முற்றத்திலிருந்து மட்டும் எழுதவியலாது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர்.

ஆகவே, இந்நாவலை ஒதுக்குவதும் வழிபடுவதும் ஒருங்கே பிழையாம். காலனித்துவ எதிர்ப்பைக் கதையின்பத்துடன் மக்களிடம் சேர்த்த கல்கியின் ஆற்றலை நம் படைப்பாளிகள் கற்றல் வேண்டும். அதே கோட்டைக்கு நெல்லளந்தவர்களின் கதையை எழுதும் பொறுப்பு அவர்களைச் சார்ந்ததாகும்.