சாமி ஒன்று, வாகனம் பல: கன்சோல் நிறுவனங்களின் தனி விளையாட்டுகள்

தொலைக்காட்சியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் கருவிக்குக் கன்சோல் என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் தத்தம் கருவியில் மட்டுமே கிடைக்கும்படி பல விளையாட்டுகளை வெளியிட்டு வந்துள்ளன. இவற்றுள் யாருடைய படைப்பில் புதுமையும் வகையும் மிகுதி என்பது இளைஞரிடையே ஓயாத வழக்கு. "நின்டெண்டோவா? காலங்காலமா அதே மீசைக்காரர்தானே சார்!" என்பது அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு. முகத்தைப் பார்த்து எழுதிய தீர்ப்பு இது. ஆடுபவன் கை என்ன செய்கிறது என்பதை அல்லவா பார்க்க வேண்டும்?

அந்த மீசைக்காரர் மாரியோவையே எடுத்துக்கொள்வோம். 1996இல் முப்பரிமாண வெளியில் ஓடவும் தாவவும் செய்தார். 2002இன் 'சன்ஷைன்' ஆட்டத்தில் முதுகில் தண்ணீர்ப் பம்பு. அதைப் பீய்ச்சி அழுக்கைக் கழுவலாம், அதன் விசையிலேயே மிதக்கலாம். 2007இன் 'கேலக்ஸி'யில் குட்டிக் குட்டிக் கோள்கள்; ஈர்ப்பு விசை திசைமாற, தலைகீழாக நடக்க வேண்டும். 2017இன் 'ஒடிஸி'யில் தொப்பியை வீசினால் தவளையின் உடம்பிலும் எதிரியின் உடம்பிலும் புகுந்துகொள்ளலாம். நம் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையேதான்! பிரம்மோற்சவத்தில் பெருமாள் ஒருவர்தான். ஒரு நாள் கருடன், ஒரு நாள் அனுமன், ஒரு நாள் குதிரை. "நேத்து பார்த்த சாமிதானே"ன்னு யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. ஆனால் 2006 முதல் 2012 வரை வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வரிசையில் வாகனமும் பெரிதாக மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சோனியின் கதை வேறு. எனக்கு வருத்தம் தருவதும் அதுதான். 2001இல் வந்த 'இக்கோ'வில் ஒரு சிறுவன் ஒரு பெண்ணைக் கைபிடித்துக் கோட்டையிலிருந்து அழைத்துச் செல்கிறான். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கை பிடியில் இருக்கும். விரலை எடுத்தால் கை நழுவிப் போகும். 2006இன் 'லோகோரோகோ'வில் நாம் நகர்த்துவது பாத்திரத்தை அன்று. பூமியையே சாய்த்து உருண்டைப் பிராணியை உருட்டுகிறோம். பிறகு வந்தவை? 2013இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்', 2017இல் 'ஹொரைசன்', 2018இல் 'காட் ஆஃப் வார்', 2020இல் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. காலம் வேறு, தேசம் வேறு, நாயகர் வேறு. ஆனால் முதுகுக்குப் பின்னால் அதே காமிரா, அதே பதுங்கல், அதே சண்டை, நடந்தபடியே நீளும் பேச்சு. இங்கே சாமி மாறுகிறது, தேர் மாறவில்லை.

இவை மட்டமானவை என்று சொல்ல வரவில்லை. 'காட் ஆஃப் வார்' காட்டும் தந்தை–மகன் உறவு கனமானது. ஆயினும் அங்கே மகனை அம்பு எய்யச் சொல்லத்தான் பொத்தான். பாசம் பெரும்பாலும் நாம் பார்க்கும் காட்சிகளில் இருக்கிறது. 'இக்கோ'வில் அது நம் விரலிலேயே இருந்தது. அதைச் செய்த ஜப்பான் ஸ்டுடியோவை 2021இல் சோனி கலைத்து, டீம் அசோபி என்ற குழுவை மட்டும் வைத்துக்கொண்டது. 2024இல் அக்குழு தந்த 'ஆஸ்ட்ரோ பாட்' ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் எலியளவு சுருங்குகிறோம், இன்னொன்றில் காலத்தையே மெதுவாக்குகிறோம். அவ்வாண்டின் சிறந்த ஆட்டம் என 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் பரிசும் பெற்றது.

மைக்ரோசாஃப்டின் பெயரை நாட்டியவை துப்பாக்கியும் காரும்: 'ஹேலோ', 'கியர்ஸ் ஆஃப் வார்', 'ஃபோர்ஸா'. வகை அங்கே பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டது. ஆனால் அப்படி வாங்கிய அப்சிடியன் குழுவிடமிருந்து 2022இல் 'பென்டிமென்ட்' வந்ததே! பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் நடக்கும் கதை. பேச்சொலி கிடையாது, குடியானவர் பேச்சு ஒரு கையெழுத்தில், துறவியர் பேச்சு ஏடெழுதுவோர் எழுத்தில், அச்சுக்காரர் பேச்சு அச்செழுத்தில் திரையில் வரும். சுவடி பார்த்துப் பழகியவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய ஒன்று.

அதே நிறுவனத்துக்காக டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023இல் செய்தது 'ஹை-ஃபை ரஷ்'. தாளம் தப்பாமல் அடிக்க வேண்டிய சண்டை. துப்பாக்கிக்கு நடுவே ஒரு மிருதங்கம் மாதிரி! 2024 மே மாதம் அக்குழுவை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்த ஆட்டத்தின் உரிமையோடு குழுவையும் ஏற்றுக்கொண்டது.