உயரமும் அருளும்: சிறுவரை நோக்கிய விளம்பரங்கள் குறித்து ஓர் இறையியல் விமர்சனம்

சிறுவரை நோக்கிய விளம்பரங்களைப் பற்றி நம் சபைகளில் பேச்செழும்போது, அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் சென்று முடிகிறது. ஒன்று, சர்க்கரையும் உப்பும் உடலுக்குத் தீங்கு என்னும் மருத்துவ அறிவுரை. மற்றொன்று, பெற்றோர் வீண்செலவு செய்யலாகாது என்னும் ஒழுக்க அறிவுரை. இரண்டும் தேவையானவையே. ஆயினும் விளம்பரம் பொருளை மட்டும் விற்பதில்லை. மனிதன் யார், வளர்ச்சி எது, குறை எங்கிருந்து வருகிறது, அது எதனால் நீங்கும் என்பவற்றையும் அது போதிக்கிறது. போதனை என்ற முறையில் அதனை ஆராய்வது இறையியலாரின் கடமை. இக்கட்டுரையில் நாம் முயல்வது அதனையே.

செஞ்சியின் கடைத்தெரு

இவ்வாய்வைச் செஞ்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலைகளின்மேல் எழுந்த அதன் கோட்டை 2025ஆம் ஆண்டில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. காண வருவோர் மலையையும் மதிலையும் காண்கின்றனர். ஊராரின் வாழ்வோ நெல்லையும் மணிலாவையும் சார்ந்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் நெல் மூட்டைகள் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இவ்வூரின் உயிர்நாடிகளுள் ஒன்று. வேகவைத்த மல்லாட்டை, கடலை உருண்டை, கேழ்வரகு அடை, கம்பங்கூழ் ஆகியவை இப்பகுதிப் பிள்ளைகள் உண்டு வளர்ந்தவை.

இன்று பள்ளிகளுக்கு அருகிலுள்ள பெட்டிக்கடைகளில் தோரணம் போலத் தொங்குபவை வேறு. ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாக, குழந்தையின் கண்மட்டத்தில் தொங்குகின்றன. மணிலா பயிரிடுபவரின் பிள்ளை மணிலாவை விட்டுவிட்டுக் காற்றடைத்த பொட்டலத்தைக் கேட்கிறது. அந்த ஐந்து ரூபாய் தற்செயலான விலையன்று. பிள்ளையின் கைக்காசை அளந்து வைத்த விலை. சத்துமாவுப் பானமும் சிறு பொட்டலமாக்கப்பட்டுத்தான் கூலிவேலை செய்வோரின் வீடுகளுக்குள் நுழைந்தது.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் காத்திருந்தது. கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பெருங்களஞ்சியத்தைக் காண்போர், உணவு கையிருந்தால் மதில் எளிதில் வீழாது என்பதை உணர்வர். இன்றைய வணிகம் மதிலுக்கு வெளியே காத்திருப்பதில்லை. வீட்டிலுள்ள பிள்ளையைக் கொண்டே அது வாயிலைத் திறக்கச் செய்கிறது.

விளம்பரம் போதிக்கும் வளர்ச்சி

ஹார்லிக்ஸ் என்னும் பானத்தின் வரலாறு இங்கு நல்ல சான்று. 1873இல் அமெரிக்காவில் இரு சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்திலிருந்து பிறந்தது இது. பிரிட்டனில் நெடுங்காலமாகப் பெரியவர்கள் உறங்கப் போகுமுன் அருந்தும் பானமாகவே இது அறியப்பட்டது. நம் நாட்டில் முதலில் நோயாளியின் கட்டிலருகே இடம்பெற்றது. பின்னர் வளரும் பிள்ளையின் பானமாயிற்று. அருந்தும் பிள்ளை உயரமாகவும் வலிமையாகவும் கூர்மதியோடும் வளரும் என்று விளம்பரங்கள் உறுதி கூறின. தெற்காசியச் சந்தைக்கென எடுக்கப்பட்ட அத்தகைய விளம்பரம் ஒன்று 2008இல் ஒரு நேபாளித் தொலைக்காட்சி வழியாகப் பிரிட்டனிலும் ஒளிபரப்பாயிற்று. அந்நாட்டின் விளம்பரத் தர ஆணையம், கூற்றுக்குப் போதிய சான்றில்லை என்று கூறி அதனைத் தடை செய்தது. அங்கே சான்று கேட்கப்பட்ட கூற்று, இங்கே பல ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு ஒலித்து வந்தது.

இவ்வாக்குறுதியை லூக்கா 2:52க்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். சிறுவனாகிய இயேசுவின் வளர்ச்சியை நற்செய்தியாளர் நான்கு சொற்களில் அளக்கிறார்: ஞானம், உடல்வளர்த்தி, இறைவனின் அருள், மக்களின் தயவு. விளம்பரம் இந்நான்கில் முதலிரண்டையும் எடுத்துக்கொள்கிறது. அவற்றிலும் ஞானத்தைத் தேர்வு மதிப்பெண்ணாகவும், உடல்வளர்த்தியை அடுத்த வீட்டுப் பிள்ளையைவிட உயர்ந்து நிற்பதாகவும் சுருக்குகிறது. அருளுக்கும் தயவுக்கும் அங்கு இடமில்லை. அருள் விலைக்கு வருவதன்று. தயவோ பிறரோடு கூடி வாழ்வதில் பிறப்பது. போட்டியைக் கொண்டு விற்கும் வணிகத்திற்கு இவ்விரண்டும் பயன்படா. குட்டையான பிள்ளை தோற்ற பிள்ளை என்னும் இப்போதனை, நாம் திருமுழுக்குத் தொட்டியருகே அறிக்கையிடும் மனிதரைக் குறித்த போதனைக்கு நேர் எதிரானது.

பிள்ளையைத் தூதராக்குதல்

சிறுவரை நோக்கிய விளம்பரத்தின் தனித்தன்மை ஒன்றுண்டு. கேட்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். எனவே பிள்ளை தூதராக்கப்பட்டுத் தன் பெற்றோரிடமே அனுப்பப்படுகிறது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரத்தின் நோக்கத்தைப் பிரித்தறியும் ஆற்றல் முதிர்வதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004இல் அறிவித்தது. தன்னை அனுப்புகிறவர் யார் என்றறியாத தூதர் அவர். கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களை 1980 முதல் தடுத்துள்ளதும், அத்தடையைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1989இல் உறுதி செய்ததும் இக்காரணம் பற்றியே.

இத்தூதில் பழிக்கப்படுவது தாயின் கை. கூழும் களியும் போதா, உன் தாய் இடும் சோறு உன்னை உயர்த்தாது என்பதே சொல்லப்படாமல் சொல்லப்படும் செய்தி. இதனை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிள்ளைகள் உண்டுவரும் இயற்கை உணவையோ மரபுவழி உணவையோ விடத் தம் பொருள் மேலானது என்னும் எண்ணத்தை விளம்பரம் உண்டாக்கலாகாது என்று தனியே விதிக்கின்றன. பெருகிப்போன ஒரு பழக்கத்தையே சட்டம் பெயர் சொல்லித் தடுக்கும்.

தன் கூலியில் ஒரு பங்கை ஈந்து டப்பா வாங்கும் தாயைக் கண்டிப்பது எளிது. அது பிரசங்க பீடங்களில் நடப்பதும் உண்டு. ஆனால் அவர் வாங்குவது அறியாமையினால் அன்று; அன்பினால். நம் மாவட்டங்களில் சத்துக்குறைவு கற்பனையன்று. பிள்ளை மெலிந்திருக்கிறது என்னும் உண்மையான கவலையின்மேல்தான் விளம்பரம் தன் கடையைக் கட்டுகிறது. ஏழையின் அன்பைக் கச்சாப்பொருளாக்கும் அமைப்பை விட்டுவிட்டு ஏழையைக் கண்டிப்பது இறைவாக்கினரின் வழியன்று.

சட்டத்தின் எல்லை

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளின் விற்பனையையும் விளம்பரத்தையும் 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி 2023இல் பொதுவில் கேள்வி எழுந்தபின், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திற்கு அறிக்கை அனுப்பியது. அவ்வாண்டின் முடிவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு நடுவண் அரசு அறிவுறுத்தியது. அப்படியொரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்பது அப்போது வெளிவந்தது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸின் உரிமையாளரும் ஆரோக்கியம் என்ற சொல்லைக் கைவிட்டுப் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டார்.

பெயர் மாறியது, போதனை மாறியதா என்பதே நம் வினா. சட்டம் பொய்யான கூற்றைத் தடுக்கும். விதைக்கப்பட்ட வெட்கத்தைப் பிடுங்காது. மேலும், தொலைக்காட்சியை நோக்கி எழுதிய விதிகளைக் கைபேசி எளிதில் கடந்துவிடுகிறது. விளையாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையே அங்கு வேலி இல்லை.

தானியேலின் தட்டு

தானியேல் 1ஆம் அதிகாரம் இங்கு நமக்குத் துணை நிற்கிறது. பேரரசு இளைஞரைத் தெரிந்தெடுத்து, புதுப்பெயர் இட்டு, புதுமொழி கற்பித்து, அரசனின் பந்தியிலிருந்து உணவும் தருகிறது. நால்வர் பருப்பையும் தண்ணீரையும் கேட்கின்றனர். பத்து நாளுக்குப்பின் அவர்களுடைய முகம் மற்றவரின் முகத்தைவிடக் களையாக இருக்கிறது. இப்பகுதியை மரக்கறி உணவின் பெருமைக்குச் சான்றாக்குவோர் உண்டு. அப்படி வாசித்தால் அதுவும் ஒரு சத்துணவு விளம்பரமாகிவிடும். நம் நாட்டில் உணவைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்திற்கும் துணைபோகும். பருப்பில் மந்திரம் இல்லை. நம்மை உண்பிப்பவர் யார், நமக்குப் பெயரிடுபவர் யார் என்பதே அங்குள்ள போராட்டம்.

தமிழ்நாட்டின் வரலாற்றில் விளம்பரமின்றி இடப்பட்ட தட்டு ஒன்று உண்டு. காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தின. பக்கத்திலிருப்பவனை முந்துவதற்காக அன்று, அவனோடு சேர்ந்து உண்பதற்காக இடப்பட்ட சோறு அது. திருவிருந்தின் பொருளை விளக்கத் தேடும் மாணவர், இப்பந்தியினின்று தொடங்கலாம்.

திருச்சபையின் பொறுப்பு

இத்துறையில் திருச்சபைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஏழை நாடுகளில் தாய்ப்பாலைத் தாழ்த்திப் பால்மாவை விற்ற முறைக்கு எதிராக 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனப் புறக்கணிப்புத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அந்நாட்டுத் திருச்சபைகளின் தேசிய மன்றம் அதில் இணைந்தது. 1981இல் உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நெறிமுறை பிறந்தது. நம் நாட்டில் 1992இல் சட்டம் வந்தது; 2003இல் திருத்தப்பட்டு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவு விளம்பரம் முற்றிலும் தடுக்கப்பட்டது. தாயின் பாலைப் பழித்த சொல்லுக்கு எதிராகச் சபைகள் அன்று பேசின. தாயின் சோற்றைப் பழிக்கும் சொல்லுக்கு எதிராக இன்று பேசுவது அதன் தொடர்ச்சியே.

தொடங்கவேண்டிய இடம் நம் வளாகம். விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் வேதவசனம் ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரிசாகப் பொட்டலம் தருவதையும், சபைவிழாப் பந்தலில் வணிகர் பதாகை கட்டுவதையும் நிறுத்துதல் எவருடைய இசைவுக்கும் காத்திராமல் செய்யக்கூடியது. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு விளம்பரத்தை எடுத்து, இது யாருடைய சொல், யாருக்கு ஆதாயம், யாரை வெட்கப்படுத்துகிறது என்று பிள்ளைகளையே கேட்கச் செய்யலாம். வசனத்தை ஆராயக் கற்ற பிள்ளை விளம்பரத்தையும் ஆராயும். நம் மறைமாவட்டப் பள்ளிகளின் வாயிலில் 50 மீட்டர் விதி நடைமுறையில் உள்ளதா என்று பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்பது ஆயரின் கடமை.

அறுவடைத் திருநாளில் செஞ்சிப் பகுதிச் சபைகளின் பீடத்தின்முன் நெல்லும் கம்பும் மணிலாவும் படைக்கப்படுகின்றன. அவற்றை நாம் இறைவனின் கொடை என்று ஏற்று ஆசியுரைக்கிறோம். அதே கொடையைத் தன் தட்டில் கண்டு ஒரு பிள்ளை வெட்கப்படுமாயின், நம் ஆசியுரை அதன் வீடுவரை சென்று சேரவில்லை என்றே பொருள்.